கோலப்ப பிள்ளை வீட்டு மருந்துப் பாட்டில்

ஆலப்புழை
கொல்லம் 1131, தை 5 (18-1-1956)

குழித்துறை டாக்டர் இசபெல் அம்மாளுக்கு, சிதறால் ரோட்டு வீட்டுக் கோலப்ப பிள்ளை எழுதிக்கொண்டது.

இங்கு நானும் மகன் நாராயணபெருமாளும் கொப்பரை மண்டியும் சுகம். அங்கே என் வீட்டுச் சுகம் எப்படி என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். என் வீட்டில் என்னைவிட அதிகம் நடமாடுகிறவர் இப்போது நீங்கள்தானே. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் மனைவி பகவதிக்கு மூன்று மாதமாக நெஞ்சுப் படபடப்பும் கால் வீக்கமும். நீங்கள் பார்க்கிறீர்கள், குறைந்திருக்கிறது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. பார்க்கிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் விடிந்ததும் வருகிறீர்களாம். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, தம்ளர் தண்ணீரில் சொட்டு எண்ணி விட்டு, பகவதி குடித்து முடிக்கும்வரை காவல் நின்று, பாட்டிலை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுகிறீர்களாம். பொங்கலன்றுகூட, பானை பொங்குகிற நேரத்தில் நீங்கள் சொட்டு எண்ணிக்கொண்டிருந்ததாகக் காரியஸ்தன் பொன்னுலிங்கம் எழுதியிருக்கிறான். பிள்ளைவாள் வீட்டில் யாருக்காவது இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று ஊரில் கேட்கிறார்களாம்.

மருந்து நல்லதென்றால் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? என் அக்காள் தாணம்மாள் தாலி அறுத்து வந்த நாள் முதல், முப்பது வருஷமாக, அந்த வீட்டுச் சாவிக் கொத்தை இடுப்பில் வைத்திருக்கிறவள். பத்தாயத்து நெல்லை நம்பிக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் ஒரு பாட்டிலைக் கொடுக்க உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?

பேத்தி ஆவுடை பிறந்தபோது நீங்கள் செய்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. அதற்காகத்தான் ரோட்டோரக் கட்டிடத்தை உங்கள் ஆஸ்பத்திரிக்கு விட்டேன். ஆனால் குளச்சல் கடற்கரைப் பெண் ஒருத்தி தினமும் என் வீட்டு உள்ளறை வரைக்கும் நடந்து போய் வருவது எங்கள் வழக்கத்தில் இல்லாதது. நான் பழைய ஆள். பாட்டிலைக் கொடுத்துவிடுங்கள். கூப்பிட்டால் மட்டும் வாருங்கள்.

மு. கோலப்ப பிள்ளை


குழித்துறை
23-1-1956

பிள்ளைவாள் அவர்களுக்கு,

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். பாட்டிலைத் தர மாட்டேன்.

காரணம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாதென்றால் நீங்கள் உங்கள் வீட்டில் வாழ்ந்ததே இல்லை என்று அர்த்தம். ஐம்பத்திரண்டாம் வருஷ மழையில் உங்கள் மகனுக்கு இருமல் மருந்து கொடுத்தேன். எட்டு வேளைக்கு அளவு தெரியும்படி காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் பாட்டில் காலி. என்ன அக்கா என்று கேட்டேன். "நல்ல மருந்தாக்கும் பிள்ளே, வாசனையே சொல்லுது. எல்லாருக்கும் ஒவ்வொரு முழுங்கு குடுத்தேன். வீடு அடிச்சுவாரப்பட்டவ கேட்டா, அவளுக்கும் குடுத்தேன்" என்றார் உங்கள் அக்கா. உங்களுக்குச் சொறிக்குத் தந்த களிம்பு பசுவின் முதுகில் இருந்தது. உங்கள் மருமகள் அன்னக்கிளியின் கண்ணுக்குத் தந்த சொட்டு பொன்னுலிங்கத்தின் காதுக்குள் போனது. அவனுக்குக் காது கேட்காமல் போகாதது அவன் அதிர்ஷ்டம். போயிருந்தால் உங்களுக்கு இவ்வளவு சேதி வந்திருக்காது என்பது என் துரதிர்ஷ்டம்.

தாணம்மாள் அக்கா திருடி அல்ல, முட்டாளும் அல்ல. அவருக்குப் பந்தி வஞ்சனை செய்யத் தெரியாது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த நல்ல பொருள் எதுவானாலும் ஆறு பேருக்கும் சமமாகப் போக வேண்டும் அவருக்கு. பலாப்பழமும் அப்படி, பேதி மருந்தும் அப்படி. அவரை மாற்ற நான் முயலவில்லை, என் வேலையை மாற்றிக்கொண்டேன். உங்கள் வீட்டில் ஒருவர் இருமினால், ஆவுடை எடுத்துக் குடித்தாலும் கேடு வராத மருந்தாகப் பார்த்து, ஆறு பேருக்குக் காணும்படி கலக்குகிறேன். எந்தப் புத்தகத்திலும் இப்படிக் கலக்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டைப் பார்த்துப் படித்தது.

பகவதி அம்மாளின் மருந்தை அப்படிக் கலக்க முடியாது. தளர்ந்து தாறுமாறாக ஓடுகிற நெஞ்சைப் பிடித்து மெதுவாக ஓட வைக்கிற மருந்து அது. நல்ல நெஞ்சு உள்ளவர் குடித்தால் ஓடுகிற நெஞ்சு நின்றுபோகும். ஆகவே பாட்டில் என் பையில் இருக்கும், நான் தினமும் வருவேன். நல்ல நாளும் கெட்ட நாளும் நெஞ்சுக்குத் தெரியாது.

உள்ளறை வழக்கத்தைப் பற்றி எழுதினீர்கள். அன்னக்கிளிக்குக் குழந்தை தலைக்குப் பதில் கால் முன்னால் வந்த அன்று, கதவைத் திறந்து "எங்க வேணும்னாலும் போம்மா" என்று கும்பிட்டவர் நீங்கள். அந்தக் கதவு வழியாகத்தான் நான் இன்னும் வருகிறேன்.

இசபெல்


ஆலப்புழை
கொல்லம் 1131, தை 18 (31-1-1956)

டாக்டர் இசபெல்லுக்கு,

கதவைப் பற்றி எழுதினீர்கள். மூடிவிட்டேன்.

போன வாரம் நானே வந்து பகவதியைத் திருவனந்தபுரம் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சுக்கென்றே இருக்கிற பெரிய டாக்டரிடம் காட்டினேன். இங்கிலாந்தில் படித்தவர். கால் மணி நேரம் குழல் வைத்துக் கேட்டார். டிஜிட்டாலிஸ் என்று ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். பெரிய பாட்டிலாக வாங்கி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவர் பாட்டிலை ஒளித்து வைக்கவில்லை!

அவரிடம் ஒருவர் பல் வலி என்று வந்தார். "நான் நெஞ்சு மட்டும்தான் பார்ப்பேன்" என்று அனுப்பிவிட்டார். வைத்தியம் என்றால் அது. நீங்கள் காலையில் பிரசவம், அது முடிந்தால் பல், அப்புறம் பிள்ளைக்குப் பூச்சி மருந்து, சாயங்காலம் கிழவர்களுக்கு மூத்திர அடைப்பு. எல்லாக் கறியும் வைக்கிற சமையல்காரனிடம் ஒரு கறியும் உருப்படியாக இருக்காது.

இனி நீங்கள் என் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. வீட்டுக்கும் எழுதிப் போடுகிறேன்.

மு. கோலப்ப பிள்ளை


குழித்துறை
4-2-1956

பிள்ளைவாள் அவர்களுக்கு,

அந்த டாக்டர் கெட்டிக்காரர். சந்தேகமே இல்லை. ஏனென்றால் அவர் எழுதிக் கொடுத்ததும் நான் மூன்று மாதமாகக் கொடுத்துவருவதும் ஒரே மருந்து. பகவதி அம்மாளின் நெஞ்சை அவர் கால் மணி நேரம் கேட்டார். அந்த நெஞ்சு எந்த வீட்டில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, கேட்க அவருக்கு நேரமும் இல்லை. அது அவர் வேலை அல்ல, என் வேலை.

என் சமையலைக் குறை சொன்னீர்கள். சொல்லுங்கள், எனக்கு ரோஷம் உண்டு, ஆனால் அதற்காக வேலையை மாற்ற மாட்டேன். ஆவுடைக்கு வருஷா வருஷம் மாசிப் பனியில் இளைப்பு வருகிறது. அவள் அப்பாவுக்குச் சின்ன வயதில் வந்ததையும், தாணம்மாள் அக்காவுக்கு இப்போதும் கார்த்திகையில் வருவதையும் பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும். நெஞ்சு டாக்டரிடம் ஒருவர், பிள்ளை டாக்டரிடம் ஒருவர், கிழவிக்கு யாரும் இல்லை என்று போனால் இது யாருக்குத் தெரியும்? நான் ஒரு வீட்டுக்குள் போனால் தொட்டில் முதல் ஊன்றுகோல் வரை பார்த்துவிட்டுத்தான் வருவேன். பிள்ளைமார் வீடானாலும் அப்படித்தான், கடப்புறத்து ஓலைக் குடிசையானாலும் அப்படித்தான்.

இனி கோபம் இல்லாமல் ஒன்று எழுதுகிறேன், கோபம் இல்லாமல் படியுங்கள். அந்தப் பாட்டில் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. அன்னக்கிளி இரண்டாம் பிரசவத்துக்குத் திற்பரப்புக்கு, தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பொன்னுலிங்கம் வாசலோடு சரி, வீட்டுக்குள் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என்னை உள்ளே விட வேண்டாம். பாட்டிலைப் பொன்னுலிங்கம் தினமும் என் வாசலுக்குக் கொண்டுவரட்டும், தம்ளரில் ஒரு வேளைக்கு விட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அதுவும் கௌரவக் குறைவு என்றால் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். யார் கையாவது, எண்ணத் தெரிந்த கை வேண்டும்.

இசபெல்


ஆலப்புழை
கொல்லம் 1131, தை 28 (10-2-1956)

டாக்டர் இசபெல்லுக்கு,

என் வீட்டார் எண்ணத் தெரியாதவர்கள் என்று எழுதும் தைரியம் என் கட்டிடத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிறது. மாசி கடைசித் தேதிக்குள் கட்டிடத்தைக் காலி செய்து சாவியைப் பொன்னுலிங்கத்திடம் கொடுக்கவும். அங்கே கொப்பரை போட இடம் தேவைப்படுகிறது.

மு. கோலப்ப பிள்ளை


குழித்துறை
26-2-1956

பிள்ளைவாள் அவர்களுக்கு,

குழந்தை பிழைத்துவிட்டாள் என்று தந்தி அடித்தேன். உங்கள் மகன் நேற்று வந்து பார்த்தார், அவர் எழுதுவார். நடந்ததை டாக்டர் என்ற முறையில் நானும் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் மீன்காரி பேபி கூடையோடு நேரே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "டாக்டரே, பிள்ளைவாளுக்க பேத்திக்கு மூணு நாளா சர்த்தி. ஒண்ணும் வயித்துல நிக்கேல்ல. சோறு மஞ்சளா இருக்குன்னு கெடந்து அழுது கரையுது. நல்ல வெள்ளைச் சோறு டாக்டரே, நான் பாத்தேன்" என்றாள். மஞ்சள் என்று அவள் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மருந்து அளவு மீறினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆமாம், ஓடினேன், சந்தைக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

வாசலில் பொன்னுலிங்கம் கையை விரித்துக்கொண்டு நின்றான். "பிள்ளைவாள் உத்தரவு இல்ல டாக்டரே. எனக்க வேலை போயிரும்." நீ ஆலப்புழைக்குப் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு வா, அதற்குள் நான் பார்த்து முடித்துவிடுகிறேன் என்று அவன் கையைத் தட்டிவிட்டுப் போனேன். நம் தாலுகா எந்த ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்பதை டெல்லியில் உள்ளவர்கள் முடிவு செய்யட்டும். ஒரு நோயாளி கிடக்கிற அறைக்குள் நான் போவதா வேண்டாமா என்பதை நான்தான் முடிவு செய்வேன்.

ஆவுடையின் நாடி நிமிஷத்துக்கு நாற்பத்தாறு. அந்த வயசுக்கு நூறு இருக்க வேண்டும். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், திறந்த கண் நிற்கவில்லை. மாடத்தில் உங்கள் பெரிய பாட்டில், அதில் கால் பங்கு குறைந்திருந்தது. அன்று காலையிலும் ஒரு வேளை கொடுத்திருந்ததால் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினேன். ஊசி போட்டேன். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவதைத் தவிர. காலை எட்டு மணி முதல் விளக்கு வைக்கிற வரை எண்ணினேன். பயந்தேன், பிள்ளைவாள். அவளை முதன்முதலில் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி அழ வைத்த கை இது. மதியம் நாற்பத்திரண்டுக்கு இறங்கியபோது நான் ஜெபம் சொன்னேன். பக்கத்தில் உங்கள் மனைவி பகவதியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யார் கேட்டார்களோ, சாயங்காலம் அறுபது வந்தது. சனிக்கிழமை எண்பது. இன்று காலை அப்பம் வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

இளைப்புக்கென்று பாட்டிலில் இருந்த சொட்டு மருந்தை நான்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். பாட்டிலை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டு என்று கேஸ் போடுவதானால் போடுங்கள்.

இசபெல்


ஆலப்புழை
கொல்லம் 1131, மாசி 17 (29-2-1956)

டாக்டர் அம்மாளுக்கு,

தந்தி வந்த அன்றே நானே புறப்பட்டு வர நினைத்தேன். காலில் ஒரு புண், செருப்புக்கூடப் போட முடியவில்லை, அதனால்தான் மகனை அனுப்பினேன். பிள்ளை பிழைத்தது தெய்வச் செயல். அதில் உங்கள் கையும் இருந்தது. அதை மறுக்கிற அளவுக்கு நான் கெட்டவன் அல்ல.

ஆனால் ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கொடுத்தது யார்? மகன் கேட்டுப் பார்த்திருக்கிறான். வேலைக்காரி அழுகிறாள். பகவதி தனக்குத் தெரியாது என்கிறாள், அவள் படுக்கையில் கிடக்கிறவள். அக்காள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். நீங்கள் அந்த அறையில் ஒரு பகல் முழுவதும் இருந்தீர்கள். உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் "கொடுத்திருக்கிறார்கள்" என்று பூசி மெழுகியிருப்பதிலிருந்தே உங்களுக்குத் தெரியும் என்று தெரிகிறது.

திங்கட்கிழமை கார் பிடித்து வருகிறேன். வீட்டில் உள்ள எல்லாரையும் நடுக்கூடத்தில் நிறுத்திக் கேட்கப்போகிறேன். அதற்கு முன்னால் பெயரை எழுதி அனுப்புங்கள். வேலைக்காரி என்றால் அன்றைக்கே வெளியே. அக்காள் என்றால், முப்பது வருஷம் போதும், சுசீந்திரத்தில் ஒரு மடத்தில் இடம் பார்த்து விட்டுவிடுவேன். என் பேத்தியைக் கொல்லப் பார்த்த கை இனி என் வீட்டில் சோறு பரிமாறக் கூடாது. இது என் சத்தியம்.

பெயரைச் சொன்னால் ரோட்டோரக் கட்டிடத்தை உங்கள் பேருக்கே பத்திரம் எழுதித் தருகிறேன். வாக்கு மாற மாட்டேன்.

மு. கோலப்ப பிள்ளை


குழித்துறை
2-3-1956

பிள்ளைவாள் அவர்களுக்கு,

உங்கள் பத்திரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோயாளியைப் பிடித்துக் கொடுத்து வாங்குகிற கட்டிடத்தில் உட்கார்ந்து நான் யாருடைய நாடியைப் பிடிப்பது?

ஆவுடை எழுந்து ஓடுகிறாள். இப்போது உங்கள் வீட்டில் நான் பார்த்துவருகிற நோயாளி உங்கள் அக்கா. ஏழு நாளாக ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. மோர் கொடுத்தால் கையில் வாங்கி, நான் திரும்பியதும் கீழே வைத்துவிடுகிறார். அறுபத்து மூன்று வயசு உடம்பு இன்னும் நான்கு நாள்கூடத் தாங்காது. நீங்கள் மடத்துக்கு அனுப்ப வேண்டிய செலவே இருக்காது.

பெயரைக் கேட்டீர்கள். சொல்வதில்லை என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஊருக்கும் உங்கள் வீட்டுக்கும் அந்த வாக்கைக் காப்பாற்றுவேன். உங்களிடம் மட்டும் உடைக்கிறேன். உடைக்காவிட்டால் ஒரு உயிர் போகும்.

வெள்ளிக்கிழமை நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, தாணம்மாள் அக்கா இடுப்புச் சுருக்கிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார். "இத எரிச்சிரு பிள்ளே. ஆருட்டயும் சொல்லாத. வெளியே தெரிஞ்சா அவனுக்க பேரு போயிரும். கேட்டா நான் மறதியில குடுத்துட்டேன்னு சொல்லிக்கிடுதேன். எனக்கென்ன, நான் நாளைக்குப் போறவ" என்றார்.

அது உங்கள் கடிதம். மாசி மூன்றாம் தேதி நீங்கள் உங்கள் அக்காவுக்கு எழுதியது. தபால்காரர் நின்று வாசித்துக் காட்டியிருக்கிறார். அதில் நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "பகவதிக்கு வாங்கின சொட்டு மருந்து மூச்சுமுட்டலுக்கு ஒன்றாந்தரம் என்று பெரிய டாக்டரே சொன்னார். ஆவுடைக்கு இளைப்பு வந்தால் அதிலேயே பத்துச் சொட்டு வீதம் மூன்று வேளை கொடு. குளச்சல்காரியை வாசலில் ஏற்றாதே."

வீட்டுக்கு எழுதிப் போடுகிறேன் என்று எனக்கு எழுதினீர்களே, எழுதிப் போட்டது இதைத்தான்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். முப்பது வருஷத்தில் உங்கள் அக்கா முதன்முறையாக ஒரு மருந்தை யாருக்கும் பங்கு வைக்காமல், ஒருத்திக்கு மட்டும், அளவு தப்பாமல் கொடுத்திருக்கிறார். பத்துக்கு மேல் ஒன்று கூடிவிடக் கூடாதே என்று பயந்து, பத்து நெல்லை எடுத்துத் தரையில் வைத்து, சொட்டுக்கு ஒரு நெல்லாகத் தள்ளித் தள்ளி எண்ணியிருக்கிறார். குழந்தை வாந்தி எடுத்த பிறகும் நிறுத்தவில்லை. தம்பி எழுதியிருக்கிறான், தம்பி படித்தவன், தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த நெல் இன்னும் மாடத்தில் இருக்கிறது.

திங்கட்கிழமை எல்லாரையும் நிறுத்திக் கேட்கப்போவதாக எழுதினீர்கள். கேளுங்கள். நான் வர மாட்டேன், வாயும் திறக்க மாட்டேன். பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் கூடத்திலேயே நிற்பார்.

இசபெல்


சிதறால் ரோடு, வீடு
கொல்லம் 1131, மாசி 23 (6-3-1956)

டாக்டர் அம்மாளுக்கு,

சொன்னேன்.

சொல்ல வேண்டும் என்று வரவில்லை. உங்கள் கடிதத்தைப் பாலராமபுரத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் நான்கு தடவை எடுத்துப் படித்தேன். கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். நினைத்ததை ஒளிக்கவில்லை. விஷயத்தைப் பேசாமல் விட்டுவிட்டு, அக்காளையும் ஒன்றும் சொல்லாமல், எல்லாரையும் மன்னித்த பெரிய மனுஷனாக உட்கார்ந்துகொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் ஏறினேன்.

கூடத்தில் எல்லாரும் நின்றார்கள். வேலைக்காரி, பொன்னுலிங்கம், மகன், தூணைப் பிடித்துக்கொண்டு பகவதி. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அக்காள் சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். "நாந்தான் கோலப்பா குடுத்தேன். மறந்துபோய்க் குடுத்துட்டேன். ஆரையும் ஒண்ணும் சொல்லாத" என்றாள். சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்படியே விட்டுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுதித்தான் கொடுத்தாள், கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அக்காள் என்னை அடிக்கவே வந்துவிட்டாள். "ஏலே, ஒன்ன ஆருலே சொல்லச் சொன்னா? இத்தன பேருக்கு முன்னால உனக்குப் புத்தி இருக்காலே?" என்று அத்தனை பேருக்கும் முன்னால் என்னை வைதாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்து கஞ்சி இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு கும்பா குடித்தாள்.

பகவதி என்னிடம் பேசவில்லை. இன்றும் பேசவில்லை.

இதனால் நான் உங்களுக்கு அடங்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வாசலில் கையைத் தட்டிவிட்டு நுழைந்தது தப்புத்தான், அந்தத் தப்பால்தான் என் பேத்தி இருக்கிறாள், இரண்டும் எனக்குத் தெரியும். கட்டிடத்தைக் காலி செய்ய வேண்டாம். கொப்பரைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். அக்காளையும் பகவதியையும் வந்து பாருங்கள். பகவதியின் மருந்தை முன்னே கொடுத்த மாதிரியே கொடுங்கள். அந்த மாசி மூன்றாம் தேதிக் கடிதம் உங்களிடம் இருக்கிறது. அதை என்ன செய்வீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

மு. கோலப்ப பிள்ளை


குழித்துறை
8-3-1956

பிள்ளைவாள் அவர்களுக்கு,

கட்டிடத்தை ஞாயிற்றுக்கிழமையே காலி செய்துவிட்டேன். சாவி பொன்னுலிங்கத்திடம் இருக்கிறது. கொப்பரை போடுங்கள், காற்றோட்டமான இடம். இனி நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அங்கே திரும்ப மாட்டேன். கோபத்தில் அல்ல. ஒருவருக்குக் கோபம் வந்தால் ஊர் முழுவதற்கும் ஆஸ்பத்திரி இல்லாமல் போகிற இடத்தில் ஆஸ்பத்திரி இருக்கக் கூடாது. மீன் சந்தைக்குப் பின்னால் பேபியும் மற்ற மீன்காரிகளும் கூடை அடுக்குகிற ஓலைக் கொட்டகையில் பாதியை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். நேற்று முன்பக்கம் ஒரு தட்டி கட்டினோம். இன்று காலையில் பத்தொன்பது பேர் வந்தார்கள், சின்னதற்கு வயசு ஒன்பது நாள், பெரியவருக்கு எத்தனை என்று அவருக்கே தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை உங்கள் அக்காவின் அடுப்பில், அவர் கண்ணுக்கு முன்னால் நேற்றுப் போட்டுவிட்டேன். அவர் கேட்டது அதைத்தான். சாம்பலாகிற வரை பக்கத்திலேயே நின்றார்.

நேற்று நான் வந்தபோது நீங்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் கதவுக்குக் கீழே உங்கள் கால் தெரிந்தது, கட்டும் தெரிந்தது. அந்தப் புண் ஐந்து வாரமாக ஆறவில்லை என்று பகவதி அம்மாள் சொன்னார். நீங்கள் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்ப்பதையும், குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதையும் சொன்னார். உங்களிடம் பேசாமல் இருக்கிறவர் உங்களைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசினார். அது சர்க்கரை வியாதி. சும்மா விட்டால் முதலில் விரல் போகும், பிறகு கால் போகும். உங்களுக்கும் எனக்கும் உள்ள வழக்கு அதற்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் என்னிடம் உடம்பைக் காட்டாத ஆள் நீங்கள் ஒருவர்தான். சொறிக்குக்கூடச் சொல்லி அனுப்பித்தான் களிம்பு வாங்கினீர்கள். நாளைக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள். கொட்டகைக்கு எப்படிப் போவது என்று பொன்னுலிங்கத்தை அனுப்பி என்னைக் கூப்பிட வேண்டாம், நடக்க முடியாதவர்களைத்தான் நான் வீட்டுக்கு வந்து பார்ப்பேன், நீங்கள் கூடத்துக்கு நடந்து வந்தவர். மீன் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாசலில் உங்கள் வீட்டுப் பெயரைச் சொல்ல வேண்டாம், வந்த வரிசையில்தான் கூப்பிடுவேன்.

இசபெல்